வெளியே பார்க்கிறவர்கள்

டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். இது ஒருநாளும் பொய்த்ததில்லை. வெள்ளறடையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற ரோட்டில் அப்படி வாயைப் பிளந்து பார்க்க என்ன இருக்கிறது? ரப்பர், மரச்சீனி, ஒரு சர்ச், ஒரு கோயில், மறுபடியும் ரப்பர். தினமும் அதே வழியில் போகிற ஒருவன், பெண் பார்க்க வந்தவன்போல் அந்த ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், நேராகப் போய் அவன் தோளில்தான் தட்டுவேன். "மறந்துபோச்சு சேச்சி" என்பான். சில்லறையை மட்டும் மறக்காமல் உள்ளங்கையில் எண்ணி வைத்திருப்பான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். சந்தேகம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மீன்காரர் மேலே அடுக்கி வைத்திருக்கிற மீனை ஒதுக்கிவிட்டு அடியில் கிடப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். சபையில் யாராவது வழக்கத்தைவிட அன்பாக ஸ்தோத்திரம் சொன்னால், அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்று காத்துக்கொண்டு நிற்பேன். "உனக்குக் கர்த்தர் மேலயாவது நம்பிக்க உண்டா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "அவரு டிக்கெட் எடுத்த ஆளாக்கும்" என்பேன்.

அப்படிப்பட்ட என்னிடம், ஒரு காலை நேரத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, அவர் வந்து சொன்னார்: "சனியாச்ச நெய்யாறு டேமுக்குப் போவலாமா? போட்டுல ஒரு சுத்துச் சுத்திட்டு வருவம்."

துருவலை அப்படியே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கொல்லையில் நின்ற வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரருக்கு வயரிங் வேலை. அம்பூரி வரைக்கும் மலைமேல் இருக்கிற எத்தனையோ வீடுகளில் அவர் இழுத்த வயரில்தான் பல்பு எரிகிறது. எவ்வளவு உயரத்தில் ஏணி சாய்த்தாலும் ஏறுவார். தண்ணீர் மட்டும் அவருக்கு ஆகாது. அணையின் அக்கரையில் வேலை வந்தால், தோணியில் ஏற வேண்டுமே என்று வேறு ஆளைக் கைகாட்டி விட்டுவிடுவார். கல்யாணம் ஆன புதிதில் நான் போட்டில் போகலாம் என்று கேட்டபோது, "கரையில நிண்ணு பாத்தாலும் அதே வெள்ளம்தான்" என்று சொன்ன ஆள். எங்கள் பேச்சில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுது பார்த்தாள். அப்போதும் கரையில் நின்று கடலை வாங்கிக் கொடுத்ததோடு சரி. அந்த மனிதர் இப்போது தானாக வந்து போட் என்கிறார்.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்கு முந்தைய வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். என் கழுத்தில் ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு. ஊசி குத்தி எடுத்து டெஸ்டுக்குக் கொடுத்திருந்தார்கள். தொண்டை டாக்டர் என்னைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை தின்றால் போதும் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்து பெஞ்சில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். "பைஸ்டாண்டர் மாத்ரம் ஒன்னு அகத்து வரணும்" என்றாள்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக வருகிறவருக்கு அதுதான் பெயர், பைஸ்டாண்டர். அந்த வார்த்தை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அது எப்போது பயப்பட வேண்டிய வார்த்தை என்பதும் தெரியும். மருந்து வாங்கவும் கஞ்சி வாங்கவும் பைஸ்டாண்டரைக் கூப்பிட்டால் ஒன்றுமில்லை. நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, பைஸ்டாண்டரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால் சோலி முடிந்தது என்று அர்த்தம். பெரிய தீனத்தை, அதாவது பெரிய நோயை, இங்கே நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். கூட வந்தவரிடம் சொல்வார்கள். அவர் வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல, வாயு ஆக்கும்" என்பார். என் மாமாவுக்கு அப்படித்தான் கடைசிவரை வாயுவாகவே இருந்தது.

நர்ஸ் கூப்பிட்டதும் வீட்டுக்காரர் வெடுக்கென்று எழுந்தார். "நீ இரி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்தப்பட்டது. திரும்பி வந்தபோது, "என்ன சொன்னாவ?" என்று கேட்டேன். "மாத்திரய ஒழுங்கா தரச் சொன்னாவ" என்றார். அதைச் சொல்லும்போது அவர் காரிடாரின் கடைசியில் இருந்த தீயணைப்பு வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாளிகளில் பார்க்க ஒன்றுமே இல்லை. மணல்தான் இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு நடந்த உபசாரம் சொல்லி முடியாது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தால் சட்டியை வழித்துத் தின்கிற மனிதர், தன் பங்கு மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். "நீ தின்னு, எனக்குக் கஞ்சி போதும்." மறுநாள் அயிலை மீன் பொரித்தேன். அதுவும் என் தட்டுக்கே வந்தது. டிவி ரிமோட்டை நான் கேட்காமலே தந்தார். மத்தியானம் நான் படுத்தால் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இமை இடுக்கு வழியாக அவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை மகள் வந்து இறங்கினாள். திருவனந்தபுரத்தில் வேலை, அங்கேயே விடுதியில் தங்கல். மாதக் கடைசியில் லீவு கிடைப்பதே பெரும்பாடு என்று புலம்புகிறவள், "சும்மாதான் வந்தேன் அம்மா" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அடுக்களைக்குள் நுழைந்தபோது அப்பாவும் மகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அவள் ஒரு டம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளர் அது.

எனக்குப் பயம் வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? படுக்கையில் கிடந்து கழுத்துக் கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சாவுக்குப் பயந்தேன். அதைவிட, எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருப்பதில் கோபம் வந்தது. என் சாவு எந்த ஸ்டாப்பில் என்று எனக்குச் சொல்லாமல் இவர்கள் என்னை ஏற்றிக்கொண்டு போகிறார்களே என்று இருந்தது. கேட்டால் சொல்ல மாட்டார். வீட்டில் கேட்டால் மீட்டர் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிடுவார். பஸ்ஸில் செக்கிங் ஏறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்டாப்புகள் அடுத்தடுத்து இருக்கிற இடத்தில் ஏற மாட்டார்கள். இடையில் யாரும் இறங்க முடியாத நீளமான வழியில்தான் ஏறுவார்கள். நானும் அப்படித்தான் முடிவு செய்தேன். போட் நடு அணைக்குப் போகட்டும், அங்கே கேட்கிறேன் என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலை வாசலில் ஆட்டோ நின்றது. பஸ் இருக்கும்போது ஆட்டோ எதற்கு என்று கேட்டேன். "ஒனக்கு அலச்சல் வேண்டாம்லா" என்றார். ஆயுசு முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே போனவளுக்கு அலைச்சலாம். இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வழியில் ஒரு சாயாக் கடையில் நிறுத்தினோம். அவர் பழம்பொரி வாங்கி இரண்டாகப் பிட்டு எனக்கும் மகளுக்கும் தந்தார். தனக்கு ஒரு சாயா மட்டும். அதையும் ஆற்றி ஆற்றி, ஒவ்வொரு வாயாக, மருந்து குடிப்பதுபோல் குடித்தார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

அணையில் கூட்டம் அதிகமில்லை. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போட்டில் ஏறினோம். கூரை போட்ட போட், இரண்டு பக்கமும் இருக்கைகள். ஒரு புதுமணத் தம்பதியும், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பமும் இருந்தார்கள். வீட்டுக்காரர் ஏறும்போது மரப்பலகை ஆடியது. அவர் உதடு வெளுத்ததைப் பார்த்தேன். ஆனாலும் ஓரத்து இருக்கையில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் ஒதுக்கினார். மகள் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"கை வெளியில இடண்டா கேட்டோ சேச்சி. சீங்கண்ணி உண்டு" என்றார் போட் ஓட்டுகிறவர். சீங்கண்ணி என்றால் முதலை. எனக்கு முதலை பொருட்டாகப் படவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழகாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கரையோரம் செம்மண் வரிவரியாகத் தெரிய, அதற்கு மேல் காடு தொடங்கி மலைமலையாக ஏறிப் போயிற்று. அகத்தியர் மலையின் தலைப்பக்கம் மேகத்துக்குள் இருந்தது. தண்ணீரில் நின்ற பட்ட மரமொன்றில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் இந்த வழியாக எத்தனை டிரிப் அடித்திருக்கிறேன், இந்த அணைக்குள் இப்படி ஒரு பக்கம் இருக்கிறதென்று தெரியாமல் போயிற்றே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மறு நிமிடமே, கடைசியாக ஒருமுறை காட்டிவிடலாம் என்றுதானே கூட்டி வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அதோடு மலை எனக்குக் கசந்துபோயிற்று.

மகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேரும் சேந்து இரிங்க." எடுத்தாள். "இனி அம்மா மட்டும்." எடுத்தாள். "அப்பா மட்டும்." அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து, தலையை நிமிர்த்தி, சிரிக்காமல் நேராகப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் தனியாக, நேராக, சிரிக்காமல் எடுத்த போட்டோவுக்கு ஒரே உபயோகம்தான். பத்திரிகையில் மரண அறிவிப்புப் பக்கத்துக்குப் போகும், பிறகு சட்டத்துக்குள் ஏறிச் சுவரில் தொங்கும். எனக்கு எடுத்தது அதற்குத்தான், சந்தேகம் வராமலிருக்க அவருக்கும் ஒன்று எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். போட்டோவுக்கு நான் வேண்டுமென்றே பல்லைக் காட்டினேன். சுவரில் தொங்கினாலும் இளித்துக்கொண்டே தொங்குவோம் என்று.

மகள் மறுபடி முன்னால் போனாள். கரை தூரத்தில் ஒரு கோடாகிவிட்டது. இறங்க இடமில்லை. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நடுவுல வந்தாச்சு. இனி எங்கயும் எறங்க முடியாது. சொல்லுங்க."

"என்னத்த?"

"அன்னைக்கு டாக்டர் ஒங்கள மட்டும் உள்ள விளிச்சு என்ன சொன்னாரு? எனக்கு என்ன தீனம்?"

"ஒனக்கு ஒண்ணும் இல்ல."

"வேதப்புத்தகத்து மேல சத்தியமா?"

"சத்தியமா ஒனக்கு ஒண்ணும் இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் என் கண்ணை நேராகப் பார்த்தார். நான் தடுமாறிவிட்டேன். அது டிக்கெட் எடுத்தவனின் பார்வை. எத்தனை ஆயிரம் முகம் பார்த்தவள் நான், அதில் எனக்குத் தப்பு வராது. அவர் உண்மைதான் சொல்கிறார். அப்படியானால் கதவைச் சாத்தியது எதற்கு? மீன் எதற்கு, ஆட்டோ எதற்கு?

"பின்ன பைஸ்டாண்டர என்னத்துக்கு விளிச்சாவ?" என்றேன்.

இப்போது அவர் திரும்பி வெளியே பார்த்தார். தண்ணீரைக் கண்டால் ஆகாத மனிதர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்க பைஸ்டாண்டரயாக்கும் விளிச்சாவ."

எனக்கு உடனே மனசிலாகவில்லை. போட்டின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். அவர் கையைத் தன் தொண்டையில் வைத்துக் காட்டினார்.

"இங்கண ஒண்ணு இருக்கு. தின்னா எறங்க மாட்டேங்குது. ஒனக்கு ஊசி குத்துன அன்னைக்கு, சபையாள் ஒருத்தரு வார்டுல கிடக்காருன்னு சொல்லிட்டுப் போனேன் இல்லியா, அன்னைக்கு அதே டாக்டர்ட்ட காட்டினேன். கொறச்சு பிச்சு எடுத்து டெஸ்டுக்கு விட்டிருக்கு. நல்லதாட்டு இருக்காதுன்னு அவருக்கு ஒரு தோணல். புதனாச்ச முடிவு வரும். அந்த நர்ஸு உள்ள வரச் சொன்னது ஒன்னையாக்கும். நான் முந்திக்கிட்டேன்."

சபையாள் வார்டில் கிடந்தால் போய் ஜெபம் பண்ணாமல் வருகிறவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் அதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அதை விட்டுவிட்டேன்.

"எத்தற நாளா?"

"ஓணத்துக்கு முன்ன இருந்தே உண்டு."

அந்த அயிலை என் நெஞ்சில் வந்து நின்றது. எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்து, அதையும் குற்றமாகக் கணக்கில் எழுதிக்கொண்டு, முள்ளைச் சப்பிச் சப்பித் தின்றேனே. அவருக்கு விழுங்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். நான் மீனைப் பார்த்தேன், வாயைப் பார்க்கவில்லை.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்டுல வச்சு சொன்னா என்ன? இந்த வெள்ளத்துக்கு நடுவுல கொண்டு வந்தா சொல்லணும்?"

"வீட்டுல சொன்னா நீ சண்ட போட்டுட்டு ரப்பருக்குள்ள எறங்கிப் போயிருவ. பின்ன இருட்டினாத்தான் வருவ" என்றார். "இங்கண எங்க போவ?"

என்னுடைய வித்தையை என்னிடமே காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே எண்ணத்தோடுதான் இந்தப் போட்டில் ஏறியிருக்கிறோம். நான் அவரைத் திட்டினேன். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் தணிந்த குரலில், ஆனால் ஒன்று விடாமல் திட்டினேன். கள்ளன் என்றேன், எத்தன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்தார். அவருடைய வலது கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது, அலை வந்து போட் சாய்ந்தபோதெல்லாம் இன்னும் இறுகியது.

"வெள்ளத்துல ஒங்களுக்குப் பயம் இல்லியா?" என்று கேட்டேன்.

"உண்டு."

"பின்ன?"

"அதவிடப் பயம் ஒனக்கிட்ட சொல்லுறதாக்கும்" என்றார்.

என் கண் நிறைந்ததைப் பார்த்துவிட்டுப் போட் ஓட்டுகிறவர் திரும்பினார். "சேச்சிக்குப் பேடி உண்டோ?" என்று கேட்டார். பயமா என்கிறார்.

"உண்டு" என்றேன். வீட்டுக்காரரின் கையைக் கம்பியிலிருந்து பிரித்து எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கரை வரும்வரை விடவில்லை. மகளிடம் அவர்தான் சொன்னார், கரையில் இறங்கி ஜாக்கெட்டைக் கழற்றிய பிறகு. அப்பா திடீரென்று வரச் சொன்னதும் அவளும் என்னைப்போலவே, எனக்குத்தான் ஏதோ என்று நினைத்து லீவு போட்டு ஓடி வந்திருந்தாள். அன்று அடுக்களையில் அதைத்தான் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். தனியாகப் போட்டோ எடுக்கச் சொன்னது அப்பாதான் என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, ஆதார் கார்டு புதுக்க வேண்டும் என்றாராம்.

புதன்கிழமை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். காரிடார் கடைசியில் அந்த மணல் வாளிகள் அப்படியே தொங்கின. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "பைஸ்டாண்டர்?"

பழக்க தோஷத்தில் அவர் எழுந்தார். நான் அவர் தோளில் கை வைத்து அழுத்தினேன். "நீங்க இரிங்க. நான் போறேன்."

உள்ளே போனேன். எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள். டாக்டர் நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்தேன். சின்ன வயதுதான் அவருக்கு, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். நேராக அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லத் தொடங்கும் முன் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

நானும் பார்த்தேன். அங்கே ஒரு மதில் மட்டும்தான் இருந்தது.